சிறியாநங்கை, நிலவேம்பு, இந்தியப்புல்

2020 ஆடி மாதம். ஏரியூர் கடைவீதி ஓரத்தில் அண்டா வைத்துக் கபசுரக் குடிநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வட்டம் போட்டு ஆளை நிறுத்தி, ஆளுக்கொரு காகிதக் கோப்பை. எனக்கு முன்னால் நின்ற பாட்டி இருமிக்கொண்டே வாங்கினார், ஒரு மடக்குக் குடித்தார், முகத்தைச் சுளித்தார். "இதுல சிறியாநங்கைதானே போட்டிருக்கீங்க? இந்தக் கசப்பு எனக்குத் தெரியாதா" என்றார். ஊற்றிக்கொண்டிருந்த பையனுக்குக் கொஞ்சம் கோபம். "அதெல்லாம் இல்ல பாட்டி. இது நிலவேம்பு. சித்தா மருந்து. கவர்மென்ட்டே குடிக்கச் சொல்லியிருக்கு."

இரண்டு பேர் சொன்னதும் சரி. சிறியாநங்கை என்று எங்கள் பக்கத்தில் சொல்வதும் நிலவேம்பு என்று அரசாணையில் வருவதும் ஒரே செடிதான். தாவரவியல் பெயர் ஆண்ட்ரோகிராபிஸ் பானிகுலேட்டா. பென்னாகரம் வட்டத்தின் இந்த மூலையில், காவிரி மேட்டூர் அணைக்குள் விரிந்து தேங்கும் கரைக்குச் சற்று உள்ளே, ராகியும் கொள்ளும் நிலக்கடலையும் விளைகிற மேட்டுநிலத்தில் அது காய்ச்சலுக்கான இலை, பாம்புக்கடி பற்றிய பேச்சில் வருகிற இலை. அதற்கு 'சித்தா' என்ற அடைமொழி அந்தப் பாட்டியின் காதில் விழுந்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கலாம். அவரைப் பொறுத்தவரை அது கசாயம். அவ்வளவுதான்.

இந்தச் செடிக்கு மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகே இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது. சீனாவில் தொண்டைவலி, சளி, இருமலுக்கு மருந்துக்கடையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று 'சுவான்-ஷின்-லியென்'. சீன அரசின் மருந்துநூலில் இடம்பெற்ற சரக்கு. 'மரபுச் சீன மருத்துவம்' என்ற பெயரில் உலகமெங்கும் விற்கப்படுவது. அது நம் நிலவேம்பேதான். சீனத்தில் அதற்கு வழங்கும் வேறு பெயர்களில் ஒன்றைத் தமிழில் அப்படியே சொன்னால் 'இந்தியப்புல்' என்று வரும். எங்களூர் வரப்பில் கிடக்கிற செடி அங்கே சீன மரபு. அங்கே மரபாக இருக்கிற செடியின் பெயரிலேயே இந்தியா ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஈராயிரம் ஆண்டு மரபு என்கிறார்கள். லி ஷிஷென் தொகுத்து 1596இல் அச்சான பெரும் மூலிகைநூலில் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட சரக்குகள் உண்டு. அவற்றில் இந்தச் செடி இல்லை. அது பதிவாவது 1932இல், குவாங்டாங் பகுதியின் நாட்டு மூலிகைகளைப் பற்றி வந்த ஒரு நூலில். குவாங்டாங் என்பது தென்கடலுக்குக் கூலிகளாகப் போன சீனர்கள் கப்பல் ஏறிய கரை. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் அவர்கள் இறங்கிய துறைகளில்தான் நம்மாட்களும் இறங்கினார்கள். அந்தத் துறைகளின் ஒண்டுக்குடித்தனங்களில் யார் யாருக்குக் கசாயம் காய்ச்சிக் கொடுத்திருப்பார்கள்? இது என் யூகம்தான். ஆனால் ஏடுகளை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இந்தத் திசையில் யூகிக்கக்கூட மறுக்கிறார்கள் என்பது என் வருத்தம்.

எதிர்த்திசையிலும் பாருங்கள். குழந்தைக்குச் சளி கட்டினால் தாய்க்கிழவிகள் உரைத்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் உரைமருந்தில் சித்தரத்தை இருக்கும். நூல்கள் சித்தரத்தை என்று குறிக்கிற அல்பீனியா அஃபிசினாரம் தென்சீனத்துச் செடி. இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் தமிழ்நாட்டில் விளையாது. ஈரான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியப் பக்கமிருந்து வருவது. சீனத்தில் அதே அதிமதுரம் இல்லாத கசாயத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளையே எடுத்துக்கொள்வோம். ஆடாதோடையும் சீந்திலும் நம் வேலியில் கிடப்பவை. கிராம்போ மலுக்குத் தீவுகளில் பிறந்தது. அக்கரகாரம் வடஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கோஷ்டம் காஷ்மீர் மலைச்சரக்கு. அந்தக் கோஷ்டம் கல்கத்தா வழியாகச் சீனத்துக்கு மூட்டை மூட்டையாகப் போய், அங்கே மருந்தாகவும் கோயில் ஊதுபத்தியாகவும் ஆனது. காஷ்மீர் அரசு அதைத் தன் ஏகபோகமாக வைத்துக் காசு பார்த்தது. இன்று அது காட்டில் அருகிப்போய் சர்வதேச வணிகத்தடைப் பட்டியலில் இருக்கிறது. சீனாவின் யுன்னானில் பயிராகிறது.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே போகரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். போகர் சீனம் போனார், சீனத்திலிருந்து வந்தார், இரண்டுமே போகர்தான் என்று மூன்று விதமாகச் சொல்லலாம். எந்த விதத்தில் சொன்னாலும் ஒரு மகாபுருஷர் மருத்துவத்தைச் சுமந்துகொண்டு வானவழியே போனதாகக் கதை முடியும். மூட்டை தூக்கியவனும் கப்பலில் வாந்தி எடுத்தவளும் கதைக்குள் வருவதேயில்லை.

'மரபு மருத்துவம்' என்கிற ஒற்றை உருவம் இரண்டு நாடுகளிலும் கட்டப்பட்ட காலம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். சீனத்தில் சளிக்காய்ச்சலைப் பற்றி ஒரே கருத்து இருந்ததே இல்லை. கி.பி. 200 வாக்கில் ஜாங் ஜொங்ஜிங் எழுதியதாகச் சொல்லப்படும் நூல் குளிர் உடம்பில் ஏறுவதுதான் நோய் என்கிறது; மாஹுவாங் என்னும் எபெட்ரா, பட்டைக் கொம்பு, வாதுமை இனத்துப் பருப்பு, அதிமதுரம் போட்டுக் காய்ச்சி வேர்க்க வைக்கச் சொல்கிறது. 1798இல் வு ஜூடொங் எழுதிய நூலோ வெப்பநோய் என்று தனியே ஒன்று உண்டு, அதற்குக் குளுமையான பூவும் புதினாவும்தான் வேண்டும் என்று வாதிடுகிறது. சளிக்குச் சுக்கு கொடுப்பதா, 'சூடு ஏறிப்போச்சு' என்று நிறுத்துவதா என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த சண்டையை எனக்கு இது ஞாபகப்படுத்துகிறது. உயிருள்ள அறிவு சண்டை போடும். அரசு அதைக் கையில் எடுக்கும்போதுதான் சண்டை ஓய்ந்து பாடத்திட்டம் பிறக்கிறது.

1929 பிப்ரவரியில் கோமிந்தாங் அரசின் சுகாதார மாநாட்டில் யு யுன்ஷியு என்ற மேல்நாட்டு மருத்துவம் படித்த சீனர் பழைய மருத்துவத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். மார்ச் 17 அன்று ஷாங்ஹாயில் நாட்டு மருத்துவர்கள் திரண்டார்கள். அதுவரை தெருவுக்குத் தெரு, குடும்பத்துக்குக் குடும்பம் தனித்தனியாகக் கிடந்தவர்கள் அன்றைக்கு 'தேசிய மருத்துவம்' ஆனார்கள். சென்னை மாகாணத்தில் இதற்குச் சற்று முன்னால், 1921இல், முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு மருத்துவமுறைகளை ஆராயக் குழு போடப்பட்டது, சீனிவாசமூர்த்தி செயலாளர். 1923இல் அறிக்கை வந்தது. 1920களின் நடுவில் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி எழுந்தது. எந்த மருத்துவம் 'விஞ்ஞானம்' என்ற தகுதியைப் பெறும் என்பதுதான் அன்றைய கேள்வி. நூல் உள்ளவனுக்கே பதில் சொல்ல வாய்ப்பு. ஆயுர்வேதத்திடம் சமஸ்கிருதம் இருந்தது. சித்தர்கள் பேரில் ஏடுகள் இருந்தன. ஏரியூர்க் கிழவியிடம் இருந்தது நாக்கில் ஏறிய கசப்பு மட்டும்தான்.

இதில் சாதிக்கு இடமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. அயோத்திதாசப் பண்டிதர் பரம்பரைச் சித்த மருத்துவர். அவரை நாம் 1990களில் திரும்பக் கண்டெடுத்தபோது பௌத்தத்தையும் அரசியலையும் பேசினோம்; கைப்பிடித்து நாடி பார்த்த பண்டிதரைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. தீண்டப்படாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் அடுத்தவன் கையைத் தொட்டு நோயைச் சொல்கிற தொழில் அது. சித்த மருத்துவம் தமிழ் மருத்துவமாக அடையாளம் பெற்று, 1964இல் பாளையங்கோட்டையில் அரசுக் கல்லூரியும் தொடங்கப்பட்டது நமக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்குள் பண்டிதர்களும், காட்டிலிருந்து இலை பறித்து வந்த இருளரும் குறவரும், மருத்துவச்சிகளும் எத்தனை பேர் சான்றிதழோடு நுழைந்தார்கள்? பட்டம் இல்லாதவன் 'போலி' ஆனான். பட்டம் கொடுப்பது யார் என்பது கேட்கப்படாமலே போயிற்று.

இதே காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வுக்கூடத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1885இல் நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானியர் மாஹுவாங்கிலிருந்து எபெட்ரினைப் பிரித்தார். மூன்று வருஷம் கழித்து 1888இல் நம் ஆடாதோடையிலிருந்து வாசிசினைப் பிரித்தவர் டேவிட் ஹூப்பர். சென்னை அரசின் சிங்கோனாத் தோட்டங்களுக்காக ஊட்டியில் வேலை பார்த்த வேதியியலாளர். வெள்ளைக்கார சிப்பாய்க்குக் கொயினா எடுக்க வந்தவர் எங்கள் வேலிச் செடியைக் கொதிக்க வைத்திருக்கிறார். 1920களில் பீக்கிங்கில், ராக்ஃபெல்லர் பணத்தில் நடந்த மருத்துவக் கல்லூரியில், கே.கே. சென் தன் மாமாவிடம் எந்தப் பச்சிலை கடுமையானது என்று விசாரித்து மாஹுவாங்கைக் கையிலெடுத்தார். அவரும் கார்ல் ஷ்மிட்டும் 1924இல் எழுதிய பிறகு எபெட்ரின் உலக மருந்தானது. சீனாவிலிருந்து செடி மூட்டையாக அமெரிக்கா போயிற்று, மாத்திரையாகத் திரும்பிற்று. வாசிசினின் கட்டமைப்பை ஒட்டிப் பிறந்த புரோம்ஹெக்சினை ஒரு ஜெர்மன் கம்பெனி 1963இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று ஏரியூர் மருந்துக்கடையில் சளியைக் கரைக்க விற்கும் சிரப்பின் சீட்டில் அந்தப் பெயரையோ, அதன் வழிவந்த அம்ப்ராக்சாலையோ பார்க்கலாம். கடைக்குப் பின்னால் வேலியில் ஆடாதோடை நிற்கிறது. ஆடுகூடத் தொடாது என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர் என்பார்கள். கம்பெனி தொட்டது.

எங்கள் மாவட்டத்தில் 'சீனா' என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் வேறு பொருள் இருந்தது. பீக்கிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963இல் தொடங்கியது. சிற்றலையைத் திருகி இரவில் அதைக் கேட்டவர்களில் சிலர் பிற்பாடு 1980இல் தருமபுரி, வட ஆற்காட்டில் நக்சலைட் வேட்டை நடந்தபோது ஊரைவிட்டு ஓட வேண்டிவந்தது. அந்தத் தலைமுறைத் தோழர் ஒருவரிடம்தான் 'வெறுங்கால் மருத்துவர்' என்ற சொல்லை முதலில் கேட்டேன். 1965 ஜூன் 26இல் மாவோ சுகாதார அமைச்சகத்தை நகரத்து துரைமார்களின் அமைச்சகம் என்று ஏசினார். அடுத்த பத்தாண்டுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்து இளைஞர்கள், சில மாதப் பயிற்சியோடு, பாதி நாள் வயலிலும் பாதி நாள் மருந்துப்பெட்டியோடும் திரிந்தார்கள். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் பச்சிலை. குவாங்டாங்கின் நாட்டு மூலிகையாக இருந்த நம் சிறியாநங்கை நாடு முழுக்க மாத்திரையாகப் பரவியதும் இந்தக் காலத்தில்தான். மருந்து பற்றாத நாட்டில் கசப்பான, மலிவான, எளிதில் வளரும் ஒரு செடி.

தோழர் இதைச் சொல்லும்போது கண் மின்னும். எனக்கும் மின்னியது. இன்று சேர்த்துச் சொல்ல வேண்டியவை வேறு சில இருக்கின்றன. மாவோவின் மருத்துவராக இருந்த லி ஷிஸுயி 1994இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில், மாவோ தாம் சீன மருந்து சாப்பிடுவதில்லை என்று சொன்னதாக எழுதுகிறார். அந்த நூலை நம்பாதவர்களும் உண்டு. அதைவிட முக்கியமானது ஷியாவோபிங் ஃபாங் 2012இல் எழுதிய ஆய்வு: வெறுங்கால் மருத்துவர்கள் வழியாகத்தான் கிராமத்துக்குள் ஆங்கில மருந்து வேரூன்றியது என்கிறார் அவர். மக்கள் அவர்களிடம் பச்சிலையைவிட ஊசியையும் ஆன்டிபயாடிக்கையும்தான் விரும்பிக் கேட்டார்கள். எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. 'ஊசி போட்டாத்தான் தேறும்' என்பது எங்கள் ஊரிலும் கேட்கிற குரல்தான். மக்கள் மரபின் காவலர்களாக இருந்தே தீர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம்மைப் போன்ற எழுத்துக்காரர்கள்; அவர்களுக்கு வேண்டியது இருமல் நிற்பது. வெறுங்கால் மருத்துவரின் பெட்டியில் இரண்டும் இருந்தன என்பதும், அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது என்பதும்தான் விஷயம். கம்யூன்கள் 1980களின் தொடக்கத்தில் கலைந்தபோது கூலி கொடுக்க ஆளில்லாமல் அந்த ஏற்பாடும் சரிந்தது. 1985இல் பெயரையே எடுத்துவிட்டார்கள். இங்கே ஜனதா அரசு 1977 அக்டோபர் 2 அன்று கிராமத்துக்கு ஒரு சுகாதாரப் பணியாளர் என்று அதே மாதிரி ஒன்றை ஆரம்பித்தது. அது நிலைக்கவில்லை.

2020இல் இரண்டு அரசுகளும் செய்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சீனா 'லியென்ஹுவா சிங்வென்' என்ற உறைமாத்திரையைக் கொரோனாவுக்கு அங்கீகரித்தது. 2003 சார்ஸ் காலத்தில் ஒரு கம்பெனி உருவாக்கியது அது. குளிர்நோய்க்காரரின் மாஹுவாங்கையும் வெப்பநோய்க்காரரின் பூக்களையும் ஒரே உறைக்குள் அடைத்துப் பழைய சண்டையை முடித்து வைத்தது. 2022இல் ஷாங்ஹாய் பூட்டிக் கிடந்தபோது, காய்கறி வேண்டும் என்று கேட்ட வீடுகளுக்கு அந்த மாத்திரைப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. அங்கேயே மக்கள் கேள்வி கேட்டார்கள். தமிழ்நாட்டில் 2012 டெங்குவின்போது நிலவேம்புக் குடிநீர், 2020இல் கபசுரக் குடிநீர். சந்தேகம் எழுப்பியவனைத் தமிழ்த் துரோகி என்று சொல்ல ஆள் இருந்தது. 1918 இன்ஃப்ளுயன்சாவை இந்தியாவில் நிலவேம்புதான் தடுத்து நிறுத்தியது என்று மேல்நாட்டு மூலிகை விளம்பரங்களில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். அந்தக் காய்ச்சலில் இந்தியாவில் செத்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். பிணங்களை மறந்தால்தான் அந்த வரியை எழுத முடியும்.

இச்செடிக்கு மருந்துக் குணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சாதாரணச் சளியிலும் தொண்டைவலியிலும் அது கொஞ்சம் உதவுகிறது என்று காட்டும் சோதனைகள் இருக்கின்றன. பலவும் சிறியவை, அவ்வளவு கறாராக நடந்தவையும் இல்லை. அதே செடியின் சாரத்திலிருந்து செய்த 'ஷியென்பிங்' என்ற ஊசிமருந்தை, குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வந்ததால், 2017இல் சீன அதிகாரிகள் சில தொகுதிகளைத் திரும்பப் பெற வைத்தார்கள். கசாயமாக வாய்வழி போனது நரம்புக்குள் போனால் வேறு பொருள். ஆங்கில மருந்தின் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த சளி சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. வண்டிக்கும் ஆலைக்கும் ஆன சரக்கு. 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றதும் இதே நஞ்சுதான். தானாகவே ஒரு வாரத்தில் போய்விடும் சளிக்காகக் குழந்தைகள் செத்தார்கள்.

தானாகப் போகாத இருமலும் உண்டு. இங்கேதான் அந்தப் பாட்டி எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறார். அவருக்குச் சித்திரையிலிருந்து இருமல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது காசநோய்த் திட்டத்தின் விதி. காசநோய்க்காரரைச் சானடோரியத்தில் அடைக்க வேண்டியதில்லை, ஏழைகளின் நெரிசலான வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தது 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு. 1959இல் முடிவு வந்தது. வீட்டுக்கு மருந்து போக வேண்டும், மருந்தோடு ஆளும் போக வேண்டும் என்பதை ஷாங்ஹாய்க்கு முன்னால் சொன்ன ஊர் சென்னை. சித்த மருத்துவப் பெருமை பேசுகிற மேடைகளில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இதில் எந்தச் சித்தரும் இல்லை, எந்த ஏடும் இல்லை.

அன்றைக்கு அவர் கோப்பையைக் காலிசெய்துவிட்டு, கொடுத்த பொடிப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஏங்கண்ணு, இதக் குடுக்கறவங்க நெஞ்சுல குழாய வச்சுப் பாப்பாங்களா?" என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, குடிநீர் மட்டும்தான் என்றேன். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பேருந்து கிடையாது. செப்டம்பர் 1 அன்று மாவட்டத்துக்குள் பேருந்து விட்ட பிறகுதான் அவர் பென்னாகரம் போய்ச் சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்தார்.